கல்யாணக் காலையில் ஒரு குழாய்

கைப்பிடியைத் தூக்கினாள், தண்ணீர் வரவில்லை. இறக்கினாள், வரவில்லை. இடது பக்கம் தள்ளினாள், வலது பக்கம் தள்ளினாள், பட்டிமன்ற நடுவர் மாதிரி அது இரண்டு பக்கமும் சாய்ந்து காட்டிவிட்டு நடுவில் வந்து நின்றுகொண்டது, ஒரு சொட்டு இல்லை. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை நுரையாக நின்றாள் ரோஸ்லின். கண்ணைத் திறந்தால் ஷாம்பு எரிந்தது, மூடினால் எது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. இன்றைக்கு அவளுக்குக் கல்யாணம். தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர், ஐம்பதைத் தொடப்போகிற வயது, பெங்களூரில் வேலை பார்க்கிற மகளுக்குத் தாய், நேற்று சாயங்காலம் கோயம்புத்தூரில் வந்து இறங்கி இந்த ஓட்டலில் தங்கியிருக்கிறாள், இன்று பதினோரு மணிக்கு ரிஜிஸ்தர் ஆபீஸில் சென்னியப்பன் சாரோடு கையெழுத்துப் போட வேண்டும், அதற்குள் இப்படி. நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிரித்ததில் வாய்க்குள் நுரை போனது, துப்பினாள். சவத்து மூதி, என்று குழாயைத் திட்டினாள். யாரைத் திட்டுகிறோம் என்று உடனே ஒரு சந்தேகமும் வந்தது, ஏனென்றால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதே குழாய் ஜோராகத் தண்ணீர் கொட்டியிருந்தது. முதலில் கைப்பிடியைத் தூக்கியதும் சுவரிலிருந்து வரும் என்று அவள் காத்திருக்க, கூரையிலிருந்து மொத்தமாகத் தலையில் விழுந்தது, மார்கழி மாதத்துப் பச்சைத் தண்ணீர். ஐயோ என்று கத்தி ஒதுங்கி, வெந்நீருக்கு எதையோ திருகி, எதையோ அமுக்கி, கடைசியில் எப்படியோ பதமான சூடு வந்து, ஆகா என்று தலையை நீட்டி நனைந்து, பிறகு தூத்துக்குடிக்காரி புத்தி, சோப்புப் போடுகிற நேரத்தில் தண்ணீர் வீணாகப் போகக் கூடாதென்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அமுக்கிக் குழாயை மூடினாள். மூடியதுதான் தப்பு. மூடத் தெரிந்தவளுக்குத் திறக்கத் தெரியவில்லை. எந்த வரிசையில் எதை அமுக்கினோம் என்பது தண்ணீரோடு போய்விட்டது.

சுவரில் என்னதான் இருக்கிறது என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி வழவழப்பான ஒரு தட்டு, அதில் ஒரு கைப்பிடி, அதற்குக் கீழே ஒரு உருண்டைக் குமிழ், அதற்கும் கீழே பொட்டு வைத்த மாதிரி ஒரு சின்னப் பொத்தான். சிவப்பு இல்லை, நீலம் இல்லை, அம்புக்குறி இல்லை, ஒரு எழுத்து இல்லை. அழகாகத்தான் இருக்கிறது, கல்யாண வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிற பணக்காரச் சொந்தக்காரி மாதிரி. குமிழைத் திருகினாள், அது சுற்றிக்கொண்டே போனது, எங்கேயும் நிற்கவில்லை. பொத்தானை அமுக்கினாள், டக் என்றது, காலடியில் எங்கோ தண்ணீர் போகிற வாய் மூடிக்கொண்டது போலிருந்தது, மறுபடி அமுக்கினாள். பக்கெட் இருக்கிறதா என்று பார்த்தாள், பக்கெட் இல்லை, மக் இல்லை. எந்த மனுஷன் குளிக்கிற அறையைக் கட்டிவிட்டு அதில் ஒரு பக்கெட் வைக்காமல் போவான்? நுரையோ வடியவே மாட்டேன் என்றது. அவள் ஊர்த் தண்ணீரில் சோப்பைக் கையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கெஞ்சினால்தான் நாலு குமிழி வரும், அந்தப் பழக்கத்தில் இங்கேயும் தாராளமாகத் தேய்த்துவிட்டாள். இது சிறுவாணித் தண்ணீர். எங்கூர்த் தண்ணிய ஒரு வாய் குடிச்சுப் பாருங்க டீச்சர், அப்புறம் ஊருக்கே போகமாட்டீங்க என்று சென்னியப்பன் சார் போனில் எத்தனை தரம் பெருமையடித்திருக்கிறார். குடிப்பது இருக்கட்டும் சார், கழுவுவதற்குக் கொஞ்சம் கொடுங்கள் முதலில். அப்போதுதான் விளக்கு அணைந்தது.

கும்மிருட்டு. கரண்ட் போய்விட்டதா, இல்லை அறைச் சாவி அட்டையைச் சுவரில் சரியாகச் சொருகவில்லையா, நாம்தான் எதையோ கெடுத்துவிட்டோமா என்று பதறி, கண்ணாடிக் கதவைத் திறந்து கையை வெளியே நீட்டியதும் விளக்கு எரிந்தது. கையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் அணைந்தது. ஓகோ. ஆள் அசைந்தால்தான் எரியும், ஆனால் குளிக்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கிற ஆள் அதன் கண்ணுக்கு ஆளே இல்லை. நல்ல நியாயம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கி, மேலே கொண்டுபோய், இறக்கி, காலைக் கூட்டத்தில் ஆயிரம் பிள்ளைகளை ஆட்டிவைக்கிற அதே கை, ஒன் டூ த்ரீ ஃபோர், உடம்பில் ஒரு பொட்டுத் துணியில்லாமல் நுரை பறக்க டிரில் செய்தாள், விளக்கு பயபக்தியோடு எரிந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் இதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் வயிறு குலுங்கிற்று. சிரிப்பு அடங்கும்போது அடியிலிருந்து வேறொன்று எழுந்து வந்தது, எப்போதும் வருகிற இடத்திலிருந்து, எப்போதும் வருகிற குரலில். ஒரு எழவாவது உனக்குக் கைல வருதா? எதத் தொட்டாலும் கெடுக்கதுக்குன்னே பொறந்திருக்கியே. வில்சன். பிரிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று, கோர்ட்டில் தீர்ப்பாகி அவரவர் வழி போயாயிற்று, ஆனால் ஒரு மூடி திறக்காமல் போனால், ஒரு சுவிட்சு மாறி அமுங்கினால், அந்த ஆள் வந்து தோளுக்குப் பின்னால் நின்றுகொள்கிறான்.

அந்த வீட்டில் எத்தனை மூடிகள். மிக்ஸி ஜாரின் மூடி, ஒரு பள்ளத்தில் ஒரு மேட்டைச் சரியாகப் பொருத்தித் திருப்பினால்தான் ஓடும், பள்ளமும் கறுப்பு, மேடும் கறுப்பு, விடியற்காலை வெளிச்சத்தில் எது எதுவென்று யாருக்குத் தெரியும். ஹாலில் சுவிட்சுப் பலகை, வரிசையாக ஒரே மாதிரி வெள்ளைச் சுவிட்சுகள், ஃபேன் போடப் போனால் வாசல் விளக்கு எரியும், விளக்குக்குப் போனால் ஃபேன் நிற்கும், நின்றதும் பேப்பருக்குப் பின்னாலிருந்து வரும், இத்தன வருஷமா இந்த வீட்லதான இருக்க? டி.வி. ரிமோட்டில் ஒரு தடவை ஏதோ அமுங்கித் திரை முழுக்க நீலமாகப் போய், அன்று ராத்திரிவரை அவர் பேசிய பேச்சில் ரிமோட் மெல்ல மெல்லக் காணாமல் போய் அவளுடைய அப்பா, அவளுடைய படிப்பு, அவள் நடக்கிற நடை எல்லாம் வந்தது. மகள் ஷெரின் அப்போது சின்னப் பிள்ளை, ஓடிவந்து எதையோ அமுக்கிப் படத்தைக் கொண்டுவந்துவிட்டாள், பாத்தியா, பிள்ளைக்குத் தெரியுது என்றார். ஆமாம், பிள்ளைக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை, என் கைதான் சரியில்லை. மைதானத்தில் ஈட்டி எறிந்து மாவட்டத்தில் பரிசு வாங்கிய கை அது. விசில் ஊதினால் ரோட்டில் போகிற சைக்கிள் நிற்கும். அதே கை வீட்டுக்குள் நுழைந்ததும் எதைத் தொடுவதற்கு முன்னும் ஒரு கணம் தயங்கப் பழகிற்று. இப்போதும் அந்தக் குமிழின் மேல் விரல் வைக்கும்போது அதே ஒரு கணம். ரோஸ்லினுக்குத் திடீரென்று குளிர்ந்தது. நுரை காய்ந்து தோல் இழுத்துப் பிடித்தது. இன்னொரு வீட்டுக்குப் போகப் போகிறேன், அங்கேயும் மூடிகள் இருக்கும், அங்கேயும் ஒரு சுவிட்சுப் பலகை இருக்கும். சென்னியப்பன் சார் நல்லவர், மென்மையாகப் பேசுகிறார், எல்லாம் சரி. ஆனால் எல்லாம் திறக்கிறபோதுதானே பார்த்திருக்கிறேன். ஒன்று திறக்காமல் போகிறபோது அவர் எப்படி இருப்பார் என்று நான் பார்த்ததே இல்லையே.

போன் அடித்தது. வாஷ்பேசின் மேடையில் வைத்திருந்தாள், அதிர்ந்து அதிர்ந்து அது ஓரத்தை நோக்கி நகர்ந்து வந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள், சென்னியப்பன் சார். பாய்ந்துபோய் விரலை வைத்து வலப்பக்கம் இழுத்தாள், பச்சை வட்டம் அசையவில்லை. மறுபடி இழுத்தாள், நுரைதான் கண்ணாடியில் கோடு போட்டது. ஈர விரலை அந்தப் போன் விரலாகவே மதிக்கவில்லை. முழங்கையால் இழுத்தாள், மூக்கால் இழுத்தாள், மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழுந்து சிவப்பு வட்டம் லேசாக ஆடியதும் பதறிப்போய் முகத்தைப் பின்னால் வாங்கினாள், கட்டாகிவிட்டால் என்ன அர்த்தமாகும். துண்டு எங்கே, துண்டு வெளியே கட்டில்மேல், அறையெல்லாம் கம்பளம் விரித்திருக்கிறது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. இந்த மனிதர் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறார். போன வருஷம், சரி என்று முதலில் சொன்ன பிறகு, அவளுக்கு ஒரு பயம் வந்து ஒரு வாரம் முழுக்க அவர் போனை எடுக்கவே இல்லை. அவர் ஒன்றும் கோபப்படவில்லை, அடுத்த முறை பேசியபோது சொன்னார், மனசு மாறினா தாராளமாச் சொல்லிருங்க டீச்சர், ஒண்ணும் நெனச்சுக்க மாட்டனுங்க. போனை எடுக்காம மட்டும் விட்றாதீங்க. அந்த ரிங்கு அடிச்சுட்டே இருக்கறதக் கேட்டுட்டு உக்காந்திருக்கறது மட்டும் நம்மால முடியலீங்க. அதுதான் இப்போது அடித்துக்கொண்டிருந்தது, அவர் காதில், கல்யாணத்தன்று காலையில். எடுக்கிறேன் சார், எடுக்கத்தான் பார்க்கிறேன், என் கை ஈரம் சார் என்று போனுக்கு முன்னால் நின்று வாய்விட்டுச் சொன்னாள். ஓய்ந்தது. விளக்கு அணைந்தது. ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள்.

வாஷ்பேசின் குழாயாவது கொடுக்கும் என்று அதற்குக் கீழே கையை நீட்டினாள், இதற்குக் கைப்பிடியே கிடையாது, கையைக் கண்டால் தானாக வரும் ரகம். வந்தது. ஒரு உள்ளங்கை நிறைந்ததும் நின்றது. முகத்தில் அடித்துக்கொண்டு மறுபடி நீட்டினாள், யோசித்தது, பிறகு வந்தது, நின்றது. குழந்தைக்கு மருந்து ஊற்றுகிற கணக்கில் அது கொடுக்க, கண் மட்டும் ஒருவழியாகத் தெளிந்தது. இந்தக் கணக்கில் தலையை அலசி முடிக்கச் சாயங்காலம் ஆகும். கக்கூஸ் பக்கத்தில் ஒரு பீச்சுகுழாய் தொங்கிற்று, நன்றாகத்தான் பீச்சும், அதை ஒரு தடவை பார்த்தாள், கல்யாணத்தன்றைக்கா, சீ, என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணாடியில் வெள்ளைத் தொப்பி வைத்த மாதிரி நுரைத்தலையோடு ஒரு பெண் தெரிந்தாள், நேற்று ரிசப்ஷனில் பிறந்த தேதி போட்டவள். அதை நினைத்தால் இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. வந்து இறங்கியதும் ஒரு பலகைத் திரையைக் கையில் கொடுத்து, டீட்டெய்ல்ஸ் போட்டுருங்க மேடம் என்றாள் அங்கே இருந்த பெண். பிறந்த தேதி என்ற இடத்தைத் தொட்டதும் ஒரு காலண்டர் திறந்தது, இந்த வருஷம், இந்த மாதம். பின்னால் போக ஒரே ஒரு சின்ன அம்பு, ஒரு அமுக்குக்கு ஒரு மாதம். வருஷத்தை எங்கே மாற்றுவதென்று தெரியவில்லை, கேட்க வெட்கம், அமுக்க ஆரம்பித்தாள். கார்த்திகை, ஐப்பசி என்று அவள் மனசுக்குள் ஒரு காலண்டர், திரையில் நவம்பர், அக்டோபர். சென்னியப்பன் சாரைப் பார்த்த மாதம் வந்தது, போனது. ஷெரின் முதல் சம்பளத்தில் கைக்கடிகாரம் வாங்கிக்கொடுத்த மாதம். கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்த கோடைகள், விரல் அங்கே கொஞ்சம் வேகமாக அமுக்கியது. ஒரு டிசம்பரில் பெட்டியோடு அம்மா வீட்டு வாசலில் நின்றது. நீலமாகிப்போன டி.வி. ஷெரின் நடக்க ஆரம்பித்தது, பிறந்தது, பிறக்காமல் வயிற்றில் உதைத்தது. பூமாலையோடு சர்ச் படியில் இறங்கியது. அதற்குப் பின்னால் மைதானம், ஈட்டி, புழுதி, ஜெயித்தது, தோற்றது, அரை டவுசர் போட்டதற்காக மாமாவிடம் திட்டு வாங்கியது, பாவாடை, பல் விழுந்தது. பின்னால் வரிசையில் நின்ற ஆள் தொண்டையைக் கனைத்தார். ஒரு ஜென்மத்தையே ஆள்காட்டி விரலால் சுருட்டிக்கொண்டு போய், கடைசியில் பிறந்த மாதத்தில் நின்றபோது கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு தேதி போடுவதற்கு. வருஷத்தத் தொட்டிருந்தா லிஸ்ட் வந்திருக்கும் மேடம் என்றாள் அந்தப் பெண் பிறகு, பாவமாக. ஸாரிம்மா, எனக்குத் தெரியல என்றாள் ரோஸ்லின். எனக்குத் தெரியல. எப்போதும் நாக்கு நுனியில் தயாராக நிற்கிற வாக்கியம்.

எனக்குத் தெரியல என்று ஏன் சொன்னேன்? வருஷத்தைத் தொடலாம் என்று அது சொல்லியதா? அது வெறும் எழுத்தாகத்தானே நின்றது, தொடு என்று ஒரு அடையாளமாவது காட்டியதா? இந்த இடத்தில் எண்ணம் முள்ளில் மாட்டிய சேலை மாதிரி நின்றுவிட்டது. பள்ளி மைதானத்தில் ஒரு வருஷம் பிள்ளைகள் தொடர்ந்து விழுந்தார்கள், ரிலே ஓடும்போது, இரண்டாவது வளைவில். முதலில் ஜாஸ்மின் விழுந்தாள், அடுத்த நாள் கனகா, அப்புறம் ஓட்டத்தில் யாரும் தொட முடியாத சுடலைவடிவு விழுந்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர், பிள்ளைங்க கவனமில்லாம ஓடுதுங்க டீச்சர் என்றார். ரோஸ்லின் அன்று சாயங்காலம் தனியாக அந்த வளைவில் போய் உட்கார்ந்து மண்ணைக் கையால் தடவிப் பார்த்தாள், கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளம், மழையில் அரித்தது. லாரி மண் கொண்டுவந்து கொட்டி நிரவினாள், அதற்குப் பிறகு ஒருத்தி விழவில்லை. சிஸ்டரிடம் அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது, எல்லாப் பிள்ளையும் ஒரே எடத்துல விழுந்தா தப்பு பிள்ள மேல இல்ல சிஸ்டர், தரை மேல. எவ்வளவு நிமிர்ந்து நின்று சொன்னாள். சொன்னவள் வீட்டுக்குப் போய் மிக்ஸி மூடிக்கு முன்னால் தலை குனிந்து நின்றாளே! அந்த மூடியில் வில்சனே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொண்டு சட்டினியைச் சுவரெல்லாம் அடித்தார், அப்போது ஜார் சரியில்லை என்றார். அவர் கைக்கு வராவிட்டால் ஜார் சரியில்லை, அவள் கைக்கு வராவிட்டால் கை சரியில்லை. அடப் பாவி! இந்தக் குமிழுக்கு முன்னால், இந்தக் கூண்டுக்குள், எத்தனை பேர் என்னைப் போல நுரையோடு நின்றிருப்பார்கள்? சுவிட்சுப் பலகைக்கு முன்னால் விருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும்தான் தட்டித் தட்டிப் பார்த்தார்கள், சர்ச் ஃபாதர் வந்தபோதும் தட்டித்தான் பார்த்தார். எல்லாரும் ஒரே இடத்தில் விழுந்தார்கள். தரை, தரை, தரையேதான். ரோஸ்லினுக்கு உடம்பெல்லாம் சூடு ஏறிற்று. ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, ரோட்டுக்குப் போய் விசில் ஊதிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. கண்ணாடியில் தெரிந்த நுரைத் தொப்பிக்காரியைப் பார்த்து, கை நல்லாத்தாம்டீ இருக்கு என்று உரக்கச் சொன்னாள். அறை முழுக்க எதிரொலித்தது.

கக்கூஸ் பக்கத்துச் சுவரில் ஒரு போன் இருந்தது, இவ்வளவு நேரம் அதை அலங்காரப் பொருள் என்று நினைத்திருந்தாள். அமுக்குகிற பொத்தான்கள், நல்லவேளை, ஈர விரலை மதிக்கிற பொத்தான்கள். எண்களுக்குப் பதில் படங்கள். மணி ஒன்று வரைந்திருந்தது, மணியடித்தால் ஆள் வரும் என்று அதை அமுக்கினாள். ஒரு மெஷின் குரல் இங்கிலீஷில், எத்தனை மணிக்கு உங்களை எழுப்ப வேண்டும் என்று பணிவாகக் கேட்டது. "எந்திரிச்சுத்தான நிக்கேன்!" என்று கத்தி வைத்தாள். இப்போது வில்சன் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அடுத்து டை கட்டிய ஒரு பொம்மை ஆளின் படம். அமுக்கினாள்.

"குட் மார்னிங், ரிசப்ஷன்."

"தண்ணி வரலம்மா. தலையெல்லாம் நுரை. கைப்பிடியத் தூக்குதேன், எறக்குதேன், ஒண்ணும் வரல."

"கீழ ரவுண்டா ஒரு நாப் இருக்குல்ல மேடம், அதை உங்க பக்கமா இழுக்கணும். இழுத்தபடியே திருப்பணும். அப்புறமா கைப்பிடியத் தூக்குங்க."

"இழுக்கணுமா? இழுக்கதுக்கு அதுல பிடியே இல்லையேம்மா. சுவரோட ஒட்டிக் கெடக்கே."

"ஆமா மேடம். வர்றவங்க எல்லாருமே இதைத்தான் கேக்கறாங்க. காலைல ஆனா இதே போன்தான்."

எல்லாருமே. ரோஸ்லின் போனை நுரைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள், அந்த வார்த்தையை இன்னொரு தரம் சொல்ல வைக்க வேண்டும் போலிருந்தது.

"எல்லாருமா?"

"எல்லாரும்தான் மேடம். போன வாரம் ஒரு இன்ஜினியர் சார் துண்டக் கட்டிட்டுக் கீழேயே வந்துட்டார்."

"அப்போ ஒரு துண்டுச் சீட்டுல எழுதி ஒட்டி வைக்கலாம்லா?"

"கேட்டுப் பாத்தேன் மேடம். ஒட்டினா லுக் போயிடும்னு மேனேஜர் வேண்டாம்னுட்டார்."

குமிழை நகத்தால் பற்றித் தன் பக்கம் இழுத்தாள். வந்தது, பல் பிடுங்கின மாதிரி ஒரு விரல்கடை முன்னால் வந்தது. திருப்பினாள், எங்கோ கடக்கென்று உட்கார்ந்தது. கைப்பிடியைத் தூக்கினாள். கூரையிலிருந்து, சூடாக, கனமாக, சித்திரை மழை மாதிரி தண்ணீர் விழுந்தது. ரோஸ்லின் வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து நின்றாள். நுரை தோளிலிருந்து, முதுகிலிருந்து, தொப்பி தொப்பியாகக் கழன்று காலடியில் சுழன்று போனது. குடித்துப் பார்த்தாள், வெந்நீர்தான், ஆனாலும் இனிப்பாகத்தான் இருந்தது, சார் சொன்னது பொய் இல்லை. தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றாள், தண்ணீர் போகட்டும் என்று விட்டாள், ஊரில் யாருக்கும் தெரியப்போவதில்லை. பிறகு சார் ஞாபகம் சுரீரென்று வந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு விரல்களைத் திரைச்சீலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தால் அவருடைய அழைப்புகள் வரிசையாக நின்றன. திருப்பி அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். அந்த ரிங்கைக் கேட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்னது என்னவென்று அவளுக்குப் புரிந்தது. போய்விட்டாரோ. ரிஜிஸ்தர் ஆபீஸில் தனியாக நின்றுவிட்டுத் திரும்பி வீட்டுக்கே போய்விட்டாரோ. இல்லை, கோபமோ. கோபம் என்றால் எப்படிப்பட்ட கோபம், கத்துகிற கோபமா, மூன்று நாள் பேசாமல் இருக்கிற கோபமா, அப்பனையும் படிப்பையும் இழுக்கிற கோபமா. இழுக்கட்டும், இழுத்தால் நானும் சொல்வேன், குழாய் சரியில்லை என்று சொல்வேன், என் கை சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்வேன். இப்படி அவரோடு மனசுக்குள்ளேயே ஒரு சண்டை போட்டு ஜெயித்துக்கொண்டே சிவப்புப் பட்டுச் சேலையைச் சுற்றினாள், கொசுவம் ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் இறங்கி நின்றது, ஜாக்கெட் முதுகெல்லாம் தலைமுடி ஈரம். பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். லிஃப்டை அவள் பார்க்கவே இல்லை, மாடிப்படியில் இரண்டிரண்டாக இறங்கினாள், பட்டுச் சேலையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுடலைவடிவு மாதிரி.

கடைசி வளைவில் நின்றுவிட்டாள். கீழே வரவேற்பறையில் ரிசப்ஷன் பெண் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாள், வாட்ச்மேன் நாற்காலி காலியாக இருந்தது. வாசலில் தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே வெயிலில் சென்னியப்பன் சார். வெள்ளை வேட்டி, புதுச்சட்டை, கக்கத்தில் ஹெல்மெட். கதவின் நீளமான வெள்ளிப் பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அது வரவில்லை. ரோஸ்லின் படியிலேயே சுவரோரம் ஒதுங்கினாள். இதோ ஒன்று திறக்கவில்லை. கூப்பிட்ட போனை ஒருத்தி எடுக்கவில்லை, அவசரம், வெயில், இதோ கதவும் திறக்கவில்லை. இப்போது தட்டுவார், இப்போது உதைப்பார், எங்கய்யா வாட்ச்மேன் என்று கத்துவார். சென்னியப்பன் சார் பிடியை விட்டார். ஓரடி பின்னால் தள்ளி நின்று கதவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், புதுச்செடி ஒன்றைப் பார்க்கிற மாதிரி, தாவர இயல் வாத்தியார்தானே. கபடி டீமோடு தூத்துக்குடி வந்தபோதும் அப்படித்தான், அவர்கள் பள்ளிப் பி.டி. வாத்தியாருக்குக் காய்ச்சல் என்று இவரை அனுப்பியிருந்தார்கள், மைதானத்தின் நடுவில் நின்று எல்லார் முன்னாலும் அவளிடம் கேட்டார், எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதுங்க டீச்சர், எந்த விசிலுக்குப் பிள்ளைகளை உள்ள அனுப்போணும்? கேட்டதில் அவருக்கு ஒரு குறைவும் ஏற்படவில்லை. இப்போது பின்னால் இன்னொரு ஆள் பெட்டியோடு வந்து நிற்க, சார் அவருக்கு வழிவிட்டு என்னவோ சொன்னார், கண்ணாடி வழியே வாயசைவு தெரிந்தது, நீங்க ஒருக்கா பாருங்க, எனக்கு வரமாட்டீங்குது. அந்த ஆள் இழுத்துப் பார்த்தார், அவருக்கும் வரவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

ரோஸ்லின் இறங்கி ஓடினாள். சார் அவளைப் பார்த்துவிட்டார், முகம் அப்படியே மலர்ந்து, மலர்ந்த வேகத்தில் மறுபடி பிடியைப் பற்றி இழுத்தார். அவளும் ஓடிவந்த வேகத்தில் உள்ளேயிருந்து தள்ளினாள். அவர் இழுக்க, இவள் தள்ள, கதவு மலை மாதிரி நின்றது. கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு முகமும் ஒரு சாண் தூரத்தில், இரண்டும் சிரிக்க ஆரம்பித்திருந்தன. அவள் ஒரு கையைத் தூக்கி நிறுத்துங்கள் என்றாள். தன் பக்கம் இழுக்கப்போவதாகவும் அவர் தள்ள வேண்டும் என்றும் கையாலேயே காட்டினாள். அவர் தலையாட்டினார். விரல்விட்டு எண்ணினாள், ஒன், டூ. கதவு வெண்ணெயாக உள்ளே வந்தது, கூடவே ஹெல்மெட்டும் சாரும் தடுமாறி உள்ளே வந்தார்கள்.

நிமிர்ந்ததும் அவர் முதலில் அவள் தலையைத்தான் பார்த்தார். காதோரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"போனை எடுக்கலீங்களே டீச்சர்," என்றார், மூச்சு வாங்க. குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. "சரி, மனசு மாறிட்டீங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க."

"நெனச்சுட்டு எதுக்கு சார் வந்தீங்க?"

"வண்டிய எடுத்துட்டேன். போனு சீட்டுக்கடியில கெடக்குது." வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "எப்படியும் நேர்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிர்லாம்னுதாங்க."

ரோஸ்லின் குழாயைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள், நுரையைப் பற்றி, மூக்கால் போனை இழுத்ததைப் பற்றி, தரையைப் பற்றி, சொல்ல எவ்வளவோ இருந்தது, போகிற வழியெல்லாம் சொல்லலாம், வருஷக் கணக்காகச் சொல்லலாம். எல்லாவற்றையும் தள்ளி வைத்தாள்.

"அப்போ கேளுங்க சார்."

அவர் சுற்றிலும் பார்த்தார். பெட்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார், ரிசப்ஷன் பெண் ரிசீவரைக் கையில் பிடித்தபடி இவர்களையே பார்த்தாள். ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"வர்றீங்களா டீச்சர்?"

"வாரேன்!" என்றாள் ரோஸ்லின், மைதானத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில்.